பெயர் தெரியாத குட்டி லோச்: அடையாளம் காண்பது எப்படி?

தொட்டியில் வளர்க்கக் கூலி லோச் மீன்கள் என்று வாங்கிய கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கும். மற்றவை வளைந்து நெளிந்து வேர்களுக்கு இடையில் நுழையும். இதுவோ மணல்மேல் உட்கார்ந்து, விருட்டென்று ஒரு தாவல் தாவி, மறுபடி உட்காரும். நீளம் 3 சென்டிமீட்டர்கூட இருக்காது. விற்றவரைக் கேட்டால் "இதுவும் ஒரு லோச்தான்" என்பார். அது உண்மைதான், ஆனால் மீனை வளர்க்க அந்தப் பதில் போதாது.

அயிரைக் கூட்டத்து மீன்களைத்தான் தொட்டி வளர்ப்பவர்கள் லோச் என்கிறோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆசியாவில், மீதி ஐரோப்பாவில், ஒரு சில ஆப்பிரிக்காவில். இவற்றில் வியட்நாம் மலை ஓடைப் பாறையில் ஒட்டி வாழும் செவெலியாவுக்கு வேகமான நீரோட்டமும் நிறைய ஆக்ஸிஜனும் வேண்டும். இலைகள் ஊறிக் கறுத்த சதுப்பு நீரில் வாழும் கூலி லோச்சுக்கு அமைதியான, மென்மையான தண்ணீர் போதும். ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்கு ஆகாது. விரல் நீளத்தில் வாங்கும் க்ளௌன் லோச் 30 சென்டிமீட்டர் வரை வளரும். பெயர் தெரிந்தால்தான் எந்தத் தொட்டி, எந்தத் தண்ணீர், எத்தனை துணை மீன்கள் என்பதெல்லாம் தெரியும்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் நிறத்தையும் கோடுகளையும் வைத்துத்தான் படங்களோடு ஒப்பிடத் தொடங்குவார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முள், மீசை, துடுப்பு, வால் ஆகியவை முதலில். நிறம் மீனின் வயதோடும் மனநிலையோடும் மாறும். கண்ணுக்குக் கீழே முள் இருக்கிறதா இல்லையா என்பது மாறாது.

முதலில் ஊரைக் கேளுங்கள்

மீனைப் பார்ப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். அந்தக் கூட்டம் எந்த நாட்டிலிருந்து வந்தது, இறக்குமதிப் பட்டியலில் என்ன பெயர் போட்டிருந்தது, அதே பெட்டியில் வேறு என்ன மீன்கள் வந்தன, பண்ணையில் வளர்த்ததா ஆற்றில் பிடித்ததா என்று விற்றவரிடம் கேட்டு அன்றே எழுதி வையுங்கள். ஒரு வாரம் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அரிய லோச்சுகள் பெரும்பாலும் தனியாக விற்பனைக்கு வருவதில்லை. வேறு மீனுக்காக வீசிய வலையில் மாட்டி, அந்த மீனோடு கலந்து வருகின்றன. கூடவே வந்த மீன் மியான்மரின் இன்லே ஏரியில் மட்டும் வாழும் ஒன்று என்றால், உங்கள் லோச்சும் அந்தப் பக்கத்தது என்று நினைக்க இடமிருக்கிறது. ஏற்றுமதியாளரின் கிடங்கில் பல ஊர் மீன்கள் கலந்திருக்கவும் கூடும் என்பதால் இது துப்புதான், சாட்சியம் ஆகாது. ஆனாலும் ஆயிரம் பெயர்களை ஐம்பதாகக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

பொறுமையாகப் படம் எடுங்கள்

வந்த அன்று எடுத்த படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பயணக் களைப்பில் மீன் வெளுத்திருக்கும். மணல் தரை, ஒளிந்துகொள்ள இடம், மூடியுள்ள தொட்டி (லோச்சுகள் துள்ளி வெளியே விழும்), முரட்டு மீன்கள் இல்லாத சூழல். இவற்றைக் கொடுத்து இரண்டு வாரம் விடுங்கள். சாப்பிட ஆரம்பித்து, நிறம் தெளிந்த பிறகு படம் எடுக்கலாம்.

பிடிக்கும்போது வலை வேண்டாம். பல லோச்சுகளுக்குக் கண்ணடியில் மடக்கு முள் உண்டு. பயந்தால் அது விரிந்து நிற்கும், வலைக் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் மீனுக்குக் காயம். ஒரு தெளிவான பிளாஸ்டிக் கோப்பையைச் சாய்த்து வைத்து, மீனை அதற்குள் மெதுவாக ஓட்டுங்கள்.

படம் எடுக்க, இரண்டு விரல் அகலமுள்ள ஒரு ஒல்லியான கண்ணாடி அல்லது அக்ரிலிக் பெட்டி போதும். அதே தொட்டித் தண்ணீரை ஊற்றி, பின்னால் சாம்பல் நிறக் காகிதம் வைத்து, மேலிருந்து சாய்வாக வெளிச்சம் கொடுங்கள். நேர் எதிரில் ஃபிளாஷ் அடித்தால் கண்ணாடியில்தான் விழும். ஒரு சிறு அளவுகோல் துண்டைப் பெட்டிக்கு உள்ளேயே, மீன் நிற்கும் ஆழத்தில் வையுங்கள். வெளியே ஒட்டினால் ஒளிவிலகலில் அளவு தப்பிவிடும்.

எடுக்க வேண்டியவை: துடுப்புகள் விரிந்த நிலையில் பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, தலை மட்டும் மிக அருகில் ஒன்று. கீழிருந்து எடுப்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் வாய், உதடு, மீசை, வயிற்றுத் துடுப்பு எல்லாம் அங்கேதான் தெரியும். மீன் பெட்டியின் அடியில் ஒட்டி நிற்கும்போது பெட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து அடியிலிருந்து எடுங்கள். சில நிமிடங்களில் முடித்துவிட்டு மீனைத் திருப்பி விடுங்கள். சரியாக வரவில்லையா, இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

நீளத்தை அளக்கும்போது மூஞ்சி நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை அளக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் இந்த அளவுதான். வால் நுனி வரை சேர்த்து அளந்தால் எண் ஒத்துவராது.

லோச்தானா?

லோச் என்ற பெயரில் விற்பவை எல்லாம் லோச் இல்லை. 'சக்கிங் லோச்' என்று வரும் கைரினோகைலஸ் அய்மோனியரி இதற்கு நல்ல உதாரணம். அதற்கு மீசையே கிடையாது. செவுள் திறப்பின் மேல்பக்கத்தில் இன்னொரு சின்னத் துளை இருக்கும். வாயால் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சுவிடும். அந்தத் துளை தெரிந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மற்ற குழப்பங்களைச் சீக்கிரம் தீர்க்கலாம். முதுகில் இரண்டு தனித்தனித் துடுப்புகள் நின்றால் அது கோபி. முதுகுத் துடுப்புக்குப் பின்னால், வாலுக்கு முன்னால், கதிர் இல்லாத சதைத் துடுப்பு இருந்தால் கெளுத்தி வகை. உடம்பில் ஓடுபோல் எலும்புத் தகடு அடுக்கியிருந்தால் கோரிடோராஸ். சியாமிஸ் ஆல்கே ஈட்டருக்கு உடல் முழுக்கத் தெளிவான செதில்கள் இருக்கும். லோச்சுக்குச் செதில் மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை. ஏறக்குறைய எல்லா லோச்சுக்கும் வாயைச் சுற்றிக் குறைந்தது மூன்று ஜோடி மீசை உண்டு.

குடும்பத்தைப் பிடியுங்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பம் சரியாக அமைந்துவிட்டால் மீதி வழி தானாகத் திறக்கும்.

தலையின் நெருக்கப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குக் கீழே, சற்று முன்னால் பாருங்கள். மெல்லிய கீறல்போல் ஒரு பள்ளம் தெரிகிறதா? அதற்குள்தான் முள் மடங்கிக் கிடக்கும். போட்டியிடே, கோபிட்டிடே என்ற இரண்டு பெரிய குடும்பங்களுக்கும் இந்த முள் உண்டு. நெமாகைலிடே குடும்பத்துக்கும், பாறையில் ஒட்டும் பாலிட்டோரிடே, காஸ்ட்ரோமைசான்டிடே குடும்பங்களுக்கும் கிடையாது. 3 சென்டிமீட்டர் மீனில் இந்தக் கீறல் ஒரு மயிரிழை அளவுதான் இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்போது அதன் ஓரம் நிழலாகத் தெரியும். நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும். அதனால் இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

முள் இருந்தால் அடுத்து வாலைப் பாருங்கள். வால் ஆழமாகப் பிளந்து, உடம்பு பக்கவாட்டில் தட்டையாக, முதுகு கொஞ்சம் உயர்ந்திருந்தால் போட்டியிடே. க்ளௌன் லோச், யோயோ லோச் எல்லாம் இதில்தான். வால் நேராக வெட்டியதுபோலவோ உருண்டோ இருந்து, உடம்பு ஒல்லியாக நீண்டிருந்தால் பெரும்பாலும் கோபிட்டிடே. பிளந்த வாலுள்ள கோபிட்டிடேக்களும் சில உண்டு, ஆகவே வாலை மட்டும் நம்பாமல் உடம்பின் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

முள் இல்லையென்றால் வயிற்றுப் பக்கம். மார்புத் துடுப்புகளும் வயிற்றுத் துடுப்புகளும் இரண்டு பக்கமும் விசிறிபோல் விரிந்து, வயிறு தட்டையாகி, மீன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் மலை ஓடைக் குடும்பங்கள். அதிலும் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் பின்னால் ஒன்றாக இணைந்து வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். செவெலியா, ப்யூஃபோர்ட்டியா இரண்டுக்கும் இணைந்திருக்கும், சூடோகாஸ்ட்ரோமைசானுக்குப் பிரிந்திருக்கும். ப்யூஃபோர்ட்டியாவும் சூடோகாஸ்ட்ரோமைசானும் விற்பனையில் ஒன்றுக்கொன்று மாறி வருவது சகஜம். மேலிருந்து பார்த்தால் குழம்பும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது மறுபக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

உருண்ட உடம்பு, முள் இல்லை, மூன்று ஜோடி மீசை (இரண்டு மூஞ்சி விளிம்பில், ஒன்று வாயோரத்தில்), முதுகுத் துடுப்பு ஏறக்குறைய உடம்பின் நடுவில் என்றால் நெமாகைலிடே.

முதுகுத் துடுப்பின் இடமும் நிறையச் சொல்லும். கூலி லோச்சின் பேரினமான (நெருங்கிய இனங்களின் தொகுப்பான) பேஞ்சியோவில் அது வெகு பின்னால், வயிற்றுத் துடுப்பையும் தாண்டி இருக்கும். வயலன்டெல்லாவில் முதுகு முழுக்க ஒரே நீளத் துடுப்பாக ஓடும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

நடத்தையையும் குறித்துக்கொள்ளுங்கள். மணலுக்குள் கண் மட்டும் தெரியப் புதைந்துகொள்வது கோபிட்டிடே குணம். உணவு நேரத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் போட்டியிடே. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கும்.

பேரினமும் இனமும்

இப்போதுதான் கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் வர வேண்டும். எல்லாப் பேரினங்களையும் இங்கே சொல்லி முடியாது. குட்டி லோச்சுகளில் அடிக்கடி குழப்புகிறவற்றைப் பார்ப்போம்.

பேஞ்சியோவில் 'கூலி' என்று விற்பது பெரும்பாலும் பேஞ்சியோ குலி அல்ல, பேஞ்சியோ செமிசிங்டா. இதன் பட்டைகள் முதுகிலிருந்து இறங்கி வயிற்றை எட்டாமல் நின்றுவிடும். பேஞ்சியோ மையர்சியில் பட்டைகள் அகலமாகி, ஏறக்குறைய வளையமாகவே உடம்பைச் சுற்றும். பேஞ்சியோ குனியோவிர்காட்டாவில் பட்டைகள் ஆப்பு வடிவில் குறுகி, மேல்பாதியோடு நின்றுவிடும். மீனும் சின்னது. பட்டையே இல்லாமல் கருப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் பேஞ்சியோ ஓப்லாங்கா பக்கம் தேடுங்கள். தலையிலிருந்து முதுகுத் துடுப்பு வரை எத்தனை பட்டை, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது என்று இரண்டு பக்கமும் எண்ணுங்கள். இடமும் வலமும் ஒரேபோல் இருக்காது.

லெபிடோசெஃபாலிக்திஸ் பேரினம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் ஆண் மீன் தன் அடையாளத்தைத் துடுப்பிலேயே வைத்திருக்கிறது. மார்புத் துடுப்பின் உள்ளோரத்தில் ஏழாவது, எட்டாவது கதிர்கள் இணைந்து கெட்டியான ஒரு தகடாக இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் துடுப்பின் உள்விளிம்பு மட்டும் தடித்து, கதிர்கள் பிரியாமல் தெரியும். இதைப் பார்த்துவிட்டால் பேரினம் உறுதி. ஆனால் பெண்ணுக்கும் குஞ்சுக்கும் இது கிடையாது. அதனால் கூட்டத்தில் இருக்கும் எல்லா மீன்களையும் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஆணும் பெண்ணும் வேறு வேறு இனம் என்று நினைக்க வைப்பது ரோஸி லோச். மியான்மரிலிருந்து வரும் இது வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டர்தான். ஆண் சிவந்து, பக்கத்தில் ஒரு கருங்கோடோடு இருக்கும். பெண் வெளிறி, புள்ளி புள்ளியாக இருக்கும். மற்ற லோச்சுகள்போல் தரையிலேயே கிடக்காமல் கூட்டமாக நடுத் தண்ணீரில் நீந்தும். ஒன்றுக்கு மேற்பட்ட அறிவியல் பெயர்களில் இது விற்கப்பட்டிருக்கிறது, ஆகவே பழைய படங்களின் கீழே வேறு பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

அம்பஸ்டாயா சித்திமுங்கி, அதாவது குள்ளச் சங்கிலி லோச், தாய்லாந்தின் மீன். 6 சென்டிமீட்டர் அளவு. இயற்கையில் அருகி வரும் இனம். கடைகளுக்கு வருவது பெரும்பாலும் பண்ணைக் குஞ்சுகள். இதன் உறவான அம்பஸ்டாயா நிக்ரோலினியாட்டாவுக்குச் சிறுவயதில் இரண்டு நீளக் கோடுகள் மட்டும் இருக்கும். வளர வளரக் குறுக்குப் பட்டைகள் தோன்றி அதுவும் சங்கிலியாகிவிடும். பாதி வளர்ந்த நிக்ரோலினியாட்டாவைச் சித்திமுங்கி என்று நினைப்பது மிக எளிது. சில மாத இடைவெளியில் அதே மீனைப் படமெடுத்து, பட்டைகள் கூடுகின்றனவா என்று பார்ப்பதுதான் வழி.

நெமாகைலிடேயில் சிஸ்டுரா என்றொரு பேரினம், 200 இனங்களுக்கு மேல். வால் அடியில் ஒரு கரும்பட்டை, உடம்பில் குறுக்குப் பட்டைகள், ஓடை வாழ்க்கை. புதிய இனங்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. பிடித்த ஊர் தெரியாத சிஸ்டுராவுக்குப் படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் சொல்பவரை நம்பாதீர்கள், அவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும்.

சரி, முதலில் சொன்ன அந்தத் தாவும் மீனுக்கு வருவோம். கண்ணடியில் கீறல் இல்லை. மூன்று ஜோடி மீசை. பக்கத்தில் ஒழுங்கற்ற திட்டுகள். இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பெரிய கண்கள் கனல்போல் ஒளிர்கின்றன. மாதங்கள் ஆகியும் 3 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. இவ்வளவும் சேர்ந்தால் பார்புக்கா என்ற பேரினத்தின் பக்கம் கை காட்டலாம். விற்பனையில் ஸ்கூட்டர் லோச் என்பார்கள். இதில் பார்புக்கா டயபோலிகா 1989-ல் போர்னியோவிலிருந்தும், பார்புக்கா எலாங்காட்டா அதற்குப் பிறகு வியட்நாமின் ஃபூ குவாக் தீவிலிருந்தும் விவரிக்கப்பட்டவை. பார்த்தீர்களா, கடைசிக் கேள்வி மறுபடி ஊரில்தான் வந்து நிற்கிறது. இறக்குமதிச் சீட்டில் நாடு இருந்தால் ஒரு படி மேலே போகலாம். இல்லையென்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

குஞ்சா, பெரிய மீனா?

சின்னதாக இருப்பதெல்லாம் சின்ன இனம் அல்ல. தலையும் கண்ணும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தால் குஞ்சாக இருக்கலாம். பெண்ணின் வயிற்றில் முட்டை தெரிந்தாலோ, ஆணின் துடுப்புக் கதிர் தடித்திருந்தாலோ வளர்ந்த மீன். எதுவும் தெரியாவிட்டால் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் ஆறு மாதமாக அளவு மாறவில்லை என்றால் அது பலமான சான்று. போட்டியிடே மீன்களில் நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஒன்றோடொன்று மோதும்போது உடம்பு முழுக்க வெளுத்துப் பட்டைகள் மங்கிவிடும். அந்த நேரத்துப் படத்தை ஒப்பிடுதலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பெயரை எழுதும் முறை

பேரினம் உறுதி, இனம் தெரியவில்லை என்றால் 'பார்புக்கா எஸ்பி.' (sp.) என்று எழுதுங்கள். ஒரு இனத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் முழுதாகச் சரிபார்க்க முடியவில்லை என்றால் நடுவில் 'சிஎஃப்.' (cf.) வரும். அந்த இனத்துக்கு நெருங்கியது, ஆனால் அது அல்ல என்று உறுதியாகத் தெரிந்தால் 'அஃப்.' (aff.). இந்த மூன்றும் மீன் ஆய்வாளர்களே தினமும் பயன்படுத்துபவை. பக்கத்திலேயே வந்த ஊர், தேதி, அளவு, எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். நாளை வேறொருவர் சரிபார்க்க அது உதவும்.

பெயர்களும் நிலையாக இருப்பதில்லை. சித்திமுங்கி 1959-ல் போட்டியா என்ற பேரினத்தில் விவரிக்கப்பட்டது, பிறகு யசுஹிகோடாகியாவுக்குப் போனது, 2012-லிருந்து அம்பஸ்டாயா. ஆகவே நீங்கள் கண்டுபிடித்த பெயர் இன்றும் செல்லுமா என்று கலிஃபோர்னியா அறிவியல் கழகம் இணையத்தில் நடத்தும் மீன் பெயர்ப் பட்டியலில் தேடிப் பாருங்கள். இலவசம்தான். பழைய பெயரைத் தட்டினாலும் இப்போதைய பெயரைக் காட்டும். இனத்தை முதலில் விவரித்த கட்டுரையின் விவரமும் அதிலேயே இருக்கும். அந்தக் கட்டுரை கிடைத்தால் படித்துவிடுங்கள். அடையாளங்கள் முதல் சில பத்திகளிலேயே வந்துவிடும், மொழி கடினமாகத் தெரிந்தாலும் துடுப்பு, மீசை, பட்டை எண்ணிக்கை எல்லாம் இப்போது உங்களுக்குப் பழகியவைதான்.

பெயர் தெரியாத மீன் ஒன்று இறந்துபோனால் எறிந்துவிடாதீர்கள். உடனே எடுத்து, மூடி இறுக்கமான கண்ணாடிக் குப்பியில் எத்தனால் ஊற்றிப் போட்டு வையுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மரபணு ஆய்வுக்கும் உதவும். பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். துடுப்புக் கதிர்களை எண்ணுவது, முள்ளை விரித்து அதன் முனை ஒன்றா இரண்டா என்று பார்ப்பது போன்ற, உயிருள்ள மீனில் செய்யக்கூடாத எல்லாவற்றையும் அப்போது ஓர் ஆய்வாளரால் செய்ய முடியும். அதற்காக உயிரோடு இருக்கும் மீனைக் கொல்ல வேண்டிய அவசியம் தொட்டி வளர்ப்பவருக்கு இல்லை. 'எஸ்பி.' என்ற பெயரோடே அது பல வருடம் நன்றாக வாழட்டும்.